கரைக்காற்றும் ஸ்மார்ட் போர்டும்: வகுப்பறைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாளை நடத்தப்போகும் பாடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆப், எந்த வீடியோ என்பதெல்லாம் பிறகு. அந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று ஒரு துண்டுத்தாளில் ஒரே வரியில் எழுதுங்கள். 'பின்னம் புரியாது' என்று எழுதினால் பயனில்லை. 'கீழே இருக்கும் எண் பெரிதானால் பின்னமும் பெரிது என்று நினைத்து, 1/4-ஐ விட 1/8 பெரியது என்பார்கள்' என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரி வரவில்லை என்றால் பழைய விடைத்தாள்களைப் புரட்டுங்கள். அல்லது அதே வகுப்பை முன்பு எடுத்தவரிடம் கேளுங்கள். அதுவரை சாக்பீஸ் போதும்.

பி.எட். படிப்பில் கற்றல் கோட்பாடுகளைப் பெயரும் ஆண்டுமாக மனப்பாடம் செய்திருப்பீர்கள். வகுப்பில் அவற்றுக்கு வேறு வேலை. பிள்ளை ஏன் தடுக்கியது என்று ஒவ்வொரு கோட்பாடும் ஒரு காரணம் சொல்லும். காரணம் தெரிந்தால்தான் அதற்குக் கருவி வேண்டுமா, வேண்டுமென்றால் எது என்று சொல்ல முடியும்.

தடுக்கியது எதனால்?

தெரியும், ஆனால் சட்டென்று வரவில்லை: வாய்ப்பாடு, எழுத்துக்கூட்டல், தனிமக் குறியீடு இந்த வகை. 1953-இல் உளவியலாளர் ஸ்கின்னர் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். போட்ட கணக்கு சரியா என்று பிள்ளைகளுக்கு உடனே தெரியவில்லை. முடித்தவரும் முடிக்காதவரும் ஒரே வேகத்தில் கட்டிப்போடப்பட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே 'கற்பிக்கும் இயந்திரம்' ஒன்றைச் செய்து காட்டினார். இன்றைய வினாடி வினா ஆப்கள் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். விடை சரியா என்று உடனுக்குடன் சொல்வதுதான் அவற்றின் பலம். வேகத்துக்கு மதிப்பெண் கொடுப்பது பலவீனம்: மெதுவாக யோசிக்கும் பிள்ளை மூன்றாவது கேள்வியிலேயே கைக்கு வந்ததைத் தட்ட ஆரம்பித்துவிடும். ஒரு கேள்விக்கான நேரத்தை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டுங்கள். பெயரோடு தரவரிசை காட்டும் திரையை மறைத்துவிடுங்கள்.

கைக்குப் பிடிபடவில்லை: ஏறத்தாழ 7 முதல் 11 வயது வரை பிள்ளைகள் கண்முன் இருக்கும் பொருளை வைத்துத்தான் தர்க்கம் செய்கிறார்கள் என்றார் பியாஜே. முதலில் கையால் செய்வது, அடுத்து படம், கடைசியில் குறியீடு என்று புரூனர் மூன்று படி சொன்னார். திரையில் ஓடும் அனிமேஷன் இரண்டாம் படிதான். முதல் படியைத் தாண்டி அதற்குப் போனால், பிள்ளை படத்தை ரசிக்கும், கணக்கு போடாது. 12 காய் உள்ள ஒரு சீப்பு மட்டிப்பழத்தை நான்காகவும் ஆறாகவும் பிரிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் போர்டை ஆன் செய்யுங்கள்.

மறந்துபோகிறது: எபிங்ஹவுஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி 1885-இல் மறதியை அளந்தார். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது ஒரு வாரம் கழித்து அதிகம் நிற்கிறது என்று ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006-இல் காட்டினார்கள். இதற்குக் கருவியே வேண்டாம். மறுநாள் மூன்று கேள்வி, ஒரு வாரம் கழித்து இரண்டு, மாதக் கடைசியில் ஒன்று. நோட்டு மூடியிருக்க வேண்டும்.

தனியே முடியாது, யாராவது தாங்கிப் பிடித்தால் முடியும்: வைகாட்ஸ்கி பேசியது இந்த இடைவெளியைப் பற்றித்தான். ஹைடெக் லேபில் ஒரு கணினிக்கு இருவர் உட்காருவதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஒருவர் மவுஸ், மற்றவர் என்ன செய்ய வேண்டும் என்று வாயால் சொல்பவர். 6 நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாற வேண்டும். கடிகாரம் பார்த்து நீங்கள் மாற்றவில்லை என்றால் பீரியட் முழுவதும் ஒரே பையன் மவுஸைப் பிடித்திருப்பான், பக்கத்தில் இருக்கும் பிள்ளை நோட்டில் தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டிருக்கும்.

ஒரே நேரத்தில் ஏகப்பட்டது: மனம் ஒரு சமயத்தில் கையாளக்கூடிய புதுத் தகவல் மிகக் குறைவு; அதற்குமேல் ஏற்றினால் எதுவும் தங்காது. 1988-இல் ஸ்வெல்லர் இதைச் சுமைக் கோட்பாடாக வகுத்தார், மேயர் அதைப் படமும் ஒலியும் கலந்த பாடங்களுக்குக் கொண்டுவந்தார். புதிய ஆசிரியர் செய்யும் ஸ்லைடுகளில் பாதித் தவறு இங்கேதான். திரையில் ஆறு வரி எழுதிவைத்து அதையே வாய்விட்டு வாசிப்பது, ஓரத்தில் சுழலும் நட்சத்திரம், பின்னணி இசை, படம் ஒரு மூலையிலும் அதன் விளக்கம் மறு மூலையிலும். ஒரு ஸ்லைடில் ஒரு படம், அதன் உறுப்புகளின் பெயர்கள் அந்தந்த உறுப்பின் மேலேயே. விளக்கம் உங்கள் வாயிலிருந்து வரட்டும். வீடியோ என்றால் 60 முதல் 90 விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி, 'இப்போது என்ன நடந்தது?' என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

கடைசியாக ஒன்று: பிள்ளைக்கு முன்பே வேறு ஏதோ தெரிந்திருக்கிறது. கற்றலைத் தீர்மானிப்பதில் முதலிடம் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததற்குத்தான் என்று 1968-இல் ஆசுபெல் எழுதினார். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு மொழியிலிருந்தே உதாரணம் கிடைக்கும். ஆப்பில் மரவள்ளிக்கிழங்கு, பலாப்பழம் என்று வரும். பிள்ளைக்கு அது மரச்சீனி, சக்கைப்பழம். படம் பார்த்துப் பெயர் எழுதும் பயிற்சியில் 'மரச்சீனி' என்று எழுதியதற்கு இயந்திரம் சிவப்புக் குறி போட்டால், தவறு பிள்ளையிடம் இல்லை. இப்படி வரும் சொற்களை முந்தின நாளே பார்த்து, இரண்டு பெயரையும் போர்டில் பக்கம் பக்கமாக எழுதிவிடுங்கள்.

இவற்றோடு 'பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர்' என்ற பிரிவினையும் உங்கள் நோட்ஸில் இருக்கும். அதை நம்பி வகுப்பை மூன்றாகப் பிரிக்காதீர்கள். அப்படிப் பிரித்துப் பாடம் நடத்துவதால் பலன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் வந்த விரிவான மதிப்பாய்வு சொல்லியாயிற்று. ஏனோ பயிற்சி வகுப்புகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு பாடம், முழுசாக

கடற்காற்றும் நிலக்காற்றும். நடுநிலை வகுப்பு, 45 நிமிடம், 32 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி முதல் மார்ச் வரை நடத்துவது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று எல்லாவற்றையும் மூடிவிடும். பிள்ளைகள் வெளியே போய்ப் பார்த்தால் பாடத்தில் உள்ளது எதுவும் தெரியாது.

கடலோர ஊர்களான முட்டத்திலோ குளச்சலிலோ கரைக்காற்று (நிலக்காற்றுக்கு அங்கே உள்ள பெயர்) எப்போது அடிக்கும் என்று கேட்டால், பதில் கை தூக்கும் முன்னே வரும்: "கரைக்காத்து ராத்திரில்லா அடிக்கும், சாரே." திசை தெரியும். ஏன் என்று கேட்டால்தான் சிக்கல். 'சூடு எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும், காற்றும் அப்படித்தான்' என்று நிறையப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். வெப்பம் கடத்தல் பாடத்தில் நாம் சொல்லிக்கொடுத்ததே இங்கே வந்து கெடுக்கிறது. துண்டுத்தாளில் எழுத வேண்டிய வரி இதுதான். பேச்சிப்பாறைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கடற்கரைக் காற்று அன்றாட அனுபவம் இல்லை. நடுப்பகலில் வெறுங்காலோடு பாறையில் நிற்க முடியாது, பக்கத்து ஓடைத் தண்ணீர் குளிர்ந்தே கிடக்கும் என்பது தெரியும். அங்கே அதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் 5 நிமிடம் ஓட்டெடுப்பு. கேள்வி: 'மார்ச் மாதம், பகல் 2 மணி, நல்ல வெயில். கடற்கரையில் நட்ட கொடி எந்தப் பக்கம் பறக்கும்? கடலை நோக்கியா, ஊரை நோக்கியா, கரையோரமாகவா, அசையாதா?' அடுத்து, 'ஏன்?' என்று நான்கு காரணங்களோடு இரண்டாவது கேள்வி. பிளிக்கர்ஸ் அட்டை இதற்கு வசதி. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வடிவம் அச்சிட்ட ஒரு தாள். எந்த விடையோ அந்த எழுத்து மேலே வரும்படி பிடித்தால் உங்கள் ஃபோன் கேமரா ஒரே வீச்சில் எண்ணிவிடும். பக்கத்துப் பிள்ளை பார்த்து மாற்றவும் முடியாது. அட்டைகளைப் பளபளப்பாக லேமினேஷன் செய்துவிடாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னினால் கேமரா படிக்காது. சிக்னல் இல்லாத பள்ளியில் நான்கு நிற அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னால் போதும்.

விடையைச் சொல்லாதீர்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய மாஸூரின் கணக்கு இங்கே உதவும்: சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் அடிப்படையைத் திரும்ப விளக்க வேண்டும், 70-க்கு மேலே என்றால் அடுத்ததற்குப் போகலாம், நடுவில் என்றால் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட வேண்டும். 32 பேரில் அது 10 முதல் 22 வரை. வாதாட இரண்டு நிமிடம். சத்தம் வரும், அந்தச் சத்தம் வேண்டியதுதான்.

அடுத்து வெளியே. ஒரு குழுவுக்கு ஒரே அளவுள்ள இரண்டு வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா, ஒன்றில் மணல், ஒன்றில் தண்ணீர், இரண்டிலும் 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு. வெப்பமானியின் குமிழ் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். தண்டில் வெயில் விழாமல் ஒரு அட்டைத் துண்டைச் சாய்த்துவையுங்கள். வெயிலில் 15 நிமிடம், மூன்று நிமிடத்துக்கு ஒரு அளவு; பிறகு நிழலில் 12 நிமிடம், அதே போல.

இந்தச் சோதனை கெடும் வழிகள் பல. கடற்கரையிலிருந்து அள்ளிவந்த ஈரமணலை அப்படியே போட்டால், ஈரம் ஆவியாகி மணலைக் குளிரவைக்கும், வித்தியாசமே தெரியாது. இரண்டு நாள் காயவைத்த மணல் வேண்டும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலை எடுத்தால் கறுப்பு நிறமே கூடுதல் வெப்பத்தை உறிஞ்சும், சூடானது நிலம் என்பதாலா நிறத்தாலா என்று சொல்ல முடியாது. (இரண்டாவது நாள் வெள்ளை மணலும் கருமணலும் வைத்து ஒரு தனிச் சோதனை செய்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.) குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீர் மணலைவிடக் குளிர்ந்திருக்கும், இரண்டையும் முந்தின இரவே ஒரே அறையில் வைத்துவிட வேண்டும். குமிழ் டப்பாவின் அடியைத் தொட்டால் பிளாஸ்டிக்கின் சூட்டைத்தான் காட்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி ஏறத்தாழ 35 முதல் 42 டிகிரி வரைதான் காட்டும், அது ஆகாது. பாதரசம் உள்ளதையும் தவிருங்கள், உடைந்தால் தொல்லை. சிவப்புத் திரவம் உள்ள ஆய்வக வெப்பமானி போதும்.

இப்போதுதான் போர்டு. சோதனையை வகுப்பு வாசலிலேயே வைத்திருந்தால், ஒரு பிள்ளை அளவைச் சொல்லச் சொல்ல இன்னொரு பிள்ளை எக்செல் தாளில் தட்டட்டும். இரண்டு பத்தி, ஒரு கோட்டு வரைபடம். கோடு வளர்வதை வகுப்பே பார்க்கும். வரைபடத்தை நாளை காட்டுகிறேன் என்று தள்ளிப்போட்டால் பாதிப் பயன் போய்விடும். டப்பாவும் கோடும் ஒரே நேரத்தில் கண்ணில் பட வேண்டும். மணல் கோடு செங்குத்தாக ஏறும், நிழலுக்கு வந்ததும் வேகமாக இறங்கும். தண்ணீர் கோடு சோம்பேறி. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும், காய்ந்த மணலுக்கு 0.8 அளவில் போதும் என்று இந்த இடத்தில் சொன்னால் எண் ஒட்டும்.

சூடான நிலத்தின் மேல் உள்ள காற்று லேசாகி மேலே போகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. இந்த ஒரு காட்சிக்கு மட்டும் 90 விநாடி வீடியோ. மேலே போகும் காற்று கண்ணுக்குத் தெரியாதது, அதனால் இங்கே திரைக்கு வேலை உண்டு. வீடியோவைப் பாடத் தொடக்கத்தில் போட்டிருந்தால் விடை முன்பே தெரிந்துபோய், டப்பாவைப் பார்ப்பவர் யாரும் இருக்கமாட்டார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் அதே இரண்டு கேள்விக்கு மறுபடி ஓட்டு. 'ஏன்' என்ற கேள்வியில் எத்தனை பேர் மாறினார்கள் என்பதைக் குறித்துவையுங்கள்; இந்தப் பாடத்துக்கு அதுதான் மதிப்பெண்.

'அப்போ முப்பந்தல் காற்றாலை சுத்துறது கடற்காற்றாலா?' என்று யாராவது கேட்பார்கள். பருவக்காற்று மலைத்தொடரின் இடைவெளியான ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிப் புகுந்து வேகமெடுப்பதால் என்று சுருக்கமாகச் சொல்லி, ஒரு நாள் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் மாலை

இன்டர்நெட்டை நம்பி வகுப்புக்குப் போகாதீர்கள். பாடநூலில் உள்ள கியூஆர் கோடு திக்‌ஷா செயலியில் திறக்கும். பாடங்களை அதிலேயே இறக்கிவைத்துக்கொள்ள வழி உண்டு. அச்சு மங்கி ஸ்கேன் ஆகவில்லை என்றால் கோடுக்குக் கீழே உள்ள ஆறு எழுத்துக் குறியீட்டைத் தட்டச்சு செய்யுங்கள். திரையிலேயே சோதனை செய்து பார்க்க உதவும் ஃபெட் (PhET) என்ற இலவசத் தளத்தின் அறிவியல் மாதிரிகள் பலவும் தமிழில் இருக்கின்றன. அவற்றை ஒரு பென்டிரைவில் இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலே பிரவுசரில் ஓடும். மணற்கேணி செயலியில் உள்ள வீடியோக்களையும் வகுப்புக்கு முன் ஒருமுறை முழுதாகப் பாருங்கள். நடுவில் வரும் ஒரு சொல் உங்கள் பிள்ளைகளுக்குப் புதிதாக இருந்தால், எங்கே நிறுத்த வேண்டும் என்று நிமிடம் விநாடியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

யாரோ அனுப்பிய வினாத்தாளைத் திறந்தால் எழுத்தெல்லாம் கூழாகத் தெரிகிறதா? வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை. யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் உண்டு. அனுப்புபவரையே பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொன்னால் இன்னும் எளிது.

ஃபோனை போர்டில் காட்டப் பலர் செய்யும் வேலை, டைப்-சி முனையிலிருந்து ஹெச்டிஎம்ஐ-க்குப் போகும் ஒரு சின்ன கேபிள் வாங்குவது. விலை குறைந்த ஃபோன்கள் பலவற்றில் அந்த முனை படத்தை வெளியே அனுப்பாது, கேபிள் வீண். வாங்கும் முன் உங்கள் ஃபோனுக்கு அந்த வசதி உண்டா என்று பாருங்கள், இல்லையென்றால் லேப்டாப்பே வழி. ஹெச்டிஎம்ஐ செருகியதும் ஒலி லேப்டாப்பை விட்டு புரொஜெக்டருக்குத் தாவிவிடும். ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது என்று பதறாமல் ஒலி அமைப்பில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். திரையின் உயரத்தைப்போல ஆறு மடங்கு தூரம் வரைதான் எழுத்து வசதியாகத் தெரியும்; கடைசி பெஞ்ச் 24 அடியில் என்றால் படம் 4 அடி உயரம் இருக்க வேண்டும். ஸ்லைடில் தமிழ் எழுத்து 32 புள்ளிக்குக் குறையக் கூடாது. 'ண', 'ன' இரண்டும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். அதனால் எழுத்தைத் தடிமனாக்கிச் சமாளிக்காமல் அளவைக் கூட்டுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் திரையை மாட்டாதீர்கள். அறையை முழுதாக இருட்டாக்கினால் நோட்டில் எழுத முடியாது. மதியத்துக்கு மேல் தூங்கவும் செய்வார்கள்.

மழை, இடி, உப்பு

இரண்டு பருவமழையும் வந்து போகும் மாவட்டம் இது. தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரை உள்ள வகுப்பில் மழை இறங்கினால் வீடியோவின் குரல் ஒருவருக்கும் கேட்காது. ஒலியைக் கூட்டிக் கத்தவிட வேண்டாம். ஒலியை நிறுத்தி, எழுத்து விளக்கத்தை ஆன் செய்து, படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். திரையில் எழுத்தைக் குறையுங்கள் என்ற விதி குரல் கேட்கும்போதுதான் செல்லும்.

இடி இடித்தால் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கை உருவ வேண்டும், லேன் கேபிளையும் சேர்த்து. 600 விஏ யுபிஎஸ் பல்பு உள்ள பழைய புரொஜெக்டரைச் சில நிமிடம்தான் தாங்கும். முறையாக அணைக்கத்தான் அந்த நேரம், பாடத்தை முடிக்க இல்லை. பல்பு புரொஜெக்டரில் அணைத்த பிறகும் மின்விசிறி ஓரிரு நிமிடம் ஓடிச் சூட்டைத் தணிக்கும். அது நிற்கும் முன் வயரைப் பிடுங்கினால் பல்பின் ஆயுள் குறையும். கரன்ட் போன பிறகு பாடம் எப்படித் தொடரும் என்பதைத் துண்டுத்தாளின் பின்பக்கம் முன்பே எழுதிவையுங்கள். டப்பாவும் வெப்பமானியும் மின்சாரம் கேட்பதில்லை. வரைபடத்தைக் கட்டம் போட்ட தாளில் போடலாம்.

கடலோரப் பள்ளிகளில் கருவியைக் கெடுப்பது பெரும்பாலும் பிள்ளைகளின் கை இல்லை, உப்புக்காற்று. ஹெச்டிஎம்ஐ, யுஎஸ்பி முனைகளில் களிம்பு ஏறி, ஆட்டினால் வரும் ஆட்டினால் போகும். பயன்படுத்தாத முனைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். களிம்பு ஏறியிருந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மின் இணைப்புகளைத் துடைப்பதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் துடையுங்கள். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். மழைக்காலத்தில் புரொஜெக்டர் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், படம் மூடுபனி போலத் தெரியும். வாரம் இருமுறை அரைமணி நேரம் ஓடவிட்டால் உள்ளே உள்ள ஈரம் போகும்.

டேப்லெட்டுகளை இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மணிகள் நிறம் மாறினால் ஈரத்தைக் குடித்துவிட்டன என்று பொருள். ஆய்வகத்தில் சூட்டடுப்பு இருந்தால் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து மீட்கலாம், இல்லையென்றால் புதிது வாங்குவது மலிவு. நீல நிறத்தவற்றில் கோபால்ட் உண்டு, சமையல் பாத்திரம் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கோடை விடுமுறைக்கு முன் பேட்டரியைப் பாதி அளவில் நிறுத்தி அணைத்துவையுங்கள், ரிமோட்டில் உள்ள செல்களைக் கழற்றிவிடுங்கள், உள்ளே எத்தனை சார்ஜர் இருக்கிறது என்று பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டுங்கள். ஜூனில் திறக்கும்போது முதலில் காணாமல் போயிருப்பது அதுதான்.